வடக்கு வழிக்கு ஒரு ரசீது

எங்கள் சபைக்கு இந்த வருஷம் மூன்று பேர் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்கள். நன்கொடை கேட்கும் கடிதத்தை அச்சடித்து ஒரே நாளில் முந்நூறு பேருக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "அம்மா, அந்தக் காலத்துல நீங்க ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கித்தான் வசூல் பண்ணீங்களாமே. அதுல ஏதாவது சூட்சுமம் இருந்தா எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். என்னிடம் சூட்சுமம் எதுவும் இல்லை. செய்த வேலை இருக்கிறது, செய்த ஒரு பெரிய தப்பு இருக்கிறது, அதற்கப்புறம் நடந்தது இருக்கிறது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலை ஒட்டி, நான் பிறந்த குப்பம். அதற்கு வடக்கே ஒரு நீளமான மணல்மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குளம். கடலிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனாலும் தண்ணீர் தித்திக்கும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது என்பார்கள். மேடு நிற்கிறவரை கடல் உள்ளே வராது. மேட்டைப் பிடித்துவைத்திருப்பது தாழையும் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும். வாரிசு இல்லாத ஓர் உப்பு வியாபாரி, குளமும் மேடும் தோப்புமாகப் பத்தொன்பது ஏக்கரையும் தருமத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மண் எடுக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, எந்தச் சாதியார் தண்ணீர் மொண்டாலும் தடுக்கக் கூடாது என்று சாசனத்தில் இருக்கிறது. நிலத்தை எழுதியவர் அதைப் பராமரிக்கக் காலணா எழுதவில்லை. காவல்காரர் சம்பளம், ஓலைத் தட்டி வேலி, தூர் வாருவது, தாழை நடுவது எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் ஊரில் கேட்டு வாங்கித்தான் ஆகவேண்டும். அதற்காக ஏழு பேர் சேர்ந்து வைத்த சபை இது.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் நான் சேர்ந்தேன். ராயபுரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்திருந்தேன். கல்யாணமாகித் திருவொற்றியூரில் குடியிருந்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. மீன் விற்கும் பெண்களிடம் போய்ப் பேச ஒரு பெண் வேண்டும் என்று சபைக் காரியதரிசி தேடிக்கொண்டிருந்தார். எங்கள் குப்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். தேசம்மா என்றால் யாருக்கும் தெரியும். அதனால் வேலை என்னைத் தேடி வந்தது.

காரியதரிசி சாலமோன் ஐயா. திருநெல்வேலிப் பக்கம். யானைக்கவுனியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். அதைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சம்பளம் இல்லாமல் சபை வேலையைப் பார்த்தார். மெலிந்த உயரமான மனிதர். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மூடி போட்ட பித்தளைக் கூஜா. கூஜாவில் குளத்துத் தண்ணீர் இருக்கும்.

முதல் ஒரு வருஷம் என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். வாயைத் திறக்க விடவில்லை. கடைக்காரரிடம் போணி ஆவதற்கு முன் போகக் கூடாது. விளக்கு வைத்த பிறகு யாரும் பணத்தை வெளியே விடமாட்டார்கள், அப்போதும் போகக் கூடாது. படகுகள் கரையேறி ஏலம் முடிந்த பிறகுதான் குப்பத்தில் பேச்சு. இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் படிந்தது.

அவர் முதல் தடவை போகும் கடையில் எதுவும் கேட்கமாட்டார். வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிற்பார். கூட்டம் குறைந்ததும் ஒரு தம்ளர் கேட்டு வாங்கிக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். எங்கள் கையால் குடிக்கத் தயங்குகிறவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் கூஜாவையே நீட்டி, "நீங்களே ஊத்திக்கிடுங்க" என்பார். முகத்தில் ஒரு வருத்தமும் தெரியாது. குடித்தவர், "எந்த ஊர் தண்ணி?" என்று கேட்பார். "கடலுக்குப் பக்கத்துல ஊறுது. ஒருநாள் வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிடுவார். இரண்டாம் தடவை, அவர்களை ரயிலேற்றிக் கொண்டுவந்து மேட்டைக் காட்டுவார். மூன்றாம் தடவைதான் கேட்பது. அதுவும் பணம் என்று கேட்கமாட்டார். "முப்பது தாழைப் பதியன் வைக்கணும். அதை நீங்க ஏத்துக்கிடுதீகளா?" என்பார்.

வாங்கிய பிறகுதான் அவருக்கு வேலை ஆரம்பம். மூன்று மாதத்துக்குள் ஒரு தபால் அட்டை போகவேண்டும். 'தாங்கள் கொடுத்த முப்பது பதியனில் இருபத்திரண்டு பிழைத்தன, எட்டு பட்டுப்போயின' என்று. பட்டுப்போனதையும் ஏன் எழுதவேண்டும் என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதலைன்னா முப்பதும் பொழச்சுதுன்னு நெனச்சுக்கிடுவாங்க. ஒருநாள் வந்து எண்ணிப் பாத்தா?" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரப் பெண்களுக்கு நானே நேரில் போய்ச் சொல்லுவேன். அதில் முதல் ஆள் பவுனம்மா. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் பக்கத்தில் சின்னம்மாவைத் தொத்தா என்போம். வாரம் ஓரணா கொடுப்பாள். கொடுத்துவிட்டு, "இன்னாடி செஞ்சீங்க என் ஓரணாவ வச்சி?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். நான் கணக்காகப் பதில் சொல்லவேண்டும். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

நான்கு வருஷம் இப்படிப் போனது. தனியாக வசூலுக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டேன். ரசீதுப் புத்தகத்தை ஐயா என்னிடமே கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நூறு ரூபாய்க்கு மேல் யார் கொடுத்தாலும் அவரிடம் சொல்லாமல் ரசீது கிழிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஐம்பதுக்கு மேல் கொடுத்தவர்களே கிடையாது. அதனால் அந்த நிபந்தனையை நான் மறந்தே போயிருந்தேன்.

சுதந்திரம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைய எழும்பின. கட்டுகிற இடத்துக்கெல்லாம் மணல் வேண்டும். மணல் அடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர்களில் ஏகாம்பரம் என்று ஒருவர். ராயபுரத்தில் ஆபீஸ் வைத்திருந்தார். ஊரில் நல்ல பெயர் உள்ளவர். கோயில் காரியம், பள்ளிக்கூடம் என்று தாராளமாகக் கொடுப்பார். அவரிடம் முதல் தடவை போனேன், தண்ணீர் கொடுத்தேன். இரண்டாம் தடவை மேட்டைக் காட்டினேன். மேட்டின் மேல் நின்று வெகுநேரம் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து, இவருக்கு இந்த இடம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை போகவேண்டிய சமயத்தில் ஐயா தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். திரும்பப் பத்து நாள் ஆகும். நான் தனியாகப் போனேன்.

ஏகாம்பரம் நாற்காலி போடச் சொன்னார். மேஜையைத் திறந்து ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தார். சபைக்குக் கிட்டத்தட்ட அரை வருஷச் செலவு அது.

"போதுமாம்மா?"

"ரொம்ப சந்தோஷம் ஐயா. வேலிக்குன்னு எழுதட்டுமா, தூர் வாரன்னு எழுதட்டுமா?"

எங்கள் ரசீதில் 'எதன்பொருட்டு' என்று ஓர் இடம் உண்டு. கொடுப்பவர் சொல்கிறபடி அதை நிரப்புவோம்.

"வடக்கால ஒரு வயி கீதுல்ல, முள்ளு மண்டிப் போயி? அதுக்குன்னு எயுதிக்கோ."

மேட்டின் வடக்குக் கோடியில், குளத்துக்கு வர ஓர் ஒற்றையடிப் பாதை முள் மண்டிக் கிடந்தது. அதைச் சீராக்கித் தரச் சொல்கிறார் என்று நினைத்தேன். 'வடக்கு வழிக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். ஐயா திரும்பி வந்ததும் நோட்டுகளை அவர் முன்னால் வைக்கவேண்டும், அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு.

அந்த வாரம் முழுக்க ராயபுரம் பக்கம் வசூல். குப்பத்துக்குப் போகவில்லை. நாலாம் நாள் காலையில் திருவொற்றியூர் மார்க்கெட்டில் பவுனம்மாவைப் பார்த்தேன். கூடையை இறக்காமலே கேட்டாள்.

"ஏ தேசம்மா, மோட்ட வித்துட்டியாமே?"

"இன்னா தொத்தா சொல்ற?"

"லாரி வந்து மண்ண வாரிகினு போவுது. உன் மாமன் கோயிந்தன கேட்டா, தேசம்மா கையெயுத்து கீதுன்றான்."

காவல்காரர் கோவிந்தன் என் தாய்மாமன். படிக்கத் தெரியாது. என் கையெழுத்தின் வடிவம் மட்டும் தெரியும். லாரிக்காரன் ரசீதைக் காட்டியதும், 'நம்ம பொண்ணு எழுதினதுதான்' என்று வேலியை அவரே பிரித்து வழி விட்டிருக்கிறார்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். வடக்குக் கோடியில் மேடு இல்லை. ஒரு பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. அந்த ஓட்டை வழியாக, அதுவரைக்கும் குளத்தங்கரையிலிருந்து பார்த்தே இராத கடலைப் பார்த்தேன். லாரியை மறித்து நின்றேன். டிரைவர் இறங்கி, "எங்கிட்ட சண்ட போடாதம்மா, முதலாளியப் போய்ப் பாரு" என்றான். அங்கிருந்தே ராயபுரத்துக்குப் போனேன்.

ஏகாம்பரம் கோபப்படவே இல்லை. "வயி வோணும்னு துட்டு குடுத்தேன். நீ வாங்கிகினு எயுதிக் குடுத்த. வயின்னா இன்னா, நடந்து போறதுக்கா? லாரி போறதுக்குத்தாம்மா" என்றார்.

ஐயாவுக்குத் தந்தி கொடுத்தேன். அவர் வந்துசேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நானும் மாமாவும் குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேரும் வழியில் நின்றோம். நாங்கள் நிற்கிற நேரம் லாரி வரவில்லை. நாங்கள் சாப்பிடப் போன நேரம் வந்தது.

ஐயா ரயிலடியிலிருந்து நேராகச் சபைக்கு வந்தார். கல்யாணத்துச் சந்தனம் இன்னும் சட்டையில் இருந்தது. ரசீதுப் புத்தகத்தை வாங்கி அடிக்கட்டையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பணம் எங்க?" என்று மட்டும் கேட்டார். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதே நோட்டுகள். "வா" என்றார்.

ஏகாம்பரத்தின் மேஜை மேல் நோட்டுகளை வைத்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"இன்னா சார் இது? ரசீது கீதே."

"ரசீது இருக்கு. அதைக் கொடுக்க இந்தப் பிள்ளைக்கு அதிகாரம் கிடையாது. அது உமக்கும் தெரியும். தெரியாமலா, நான் ஊருக்குப் போன நாளாப் பாத்துப் பணம் கொடுத்தீரு?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். ஐயா ஊரில் இல்லை என்று பேச்சுவாக்கில் அவர் ஆபீசில் சொன்னவளே நான்தான்.

"கோர்ட்டுக்குப் போவலாம்னு பாக்குறீங்களா?"

"போனா நாலு வருசம் ஆகும். அதுக்குள்ள நீர் மொத்த மேட்டையும் எடுத்துருவீரு. அதனால போகல. உம்ம தொழிலாளிங்க திருவொத்தியூர்ல முப்பது குடும்பம் இருக்காங்க. அவங்க வீட்டுப் பொம்பளைங்க எந்தக் குளத்துல தண்ணி எடுக்காங்கன்னு விசாரிச்சுப் பாரும். அம்புட்டுத்தான்."

ஏகாம்பரம் நோட்டுகளை எடுத்து மேஜைக்குள் போட்டார். ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து லாரி வரவில்லை. ஆனால் எடுத்த மண் திரும்பவில்லை. இருபது தப்படி அகலத்துக்கு மேடு திறந்து கிடந்தது.

பனை மரத் துண்டுகளும் சாக்கு மூட்டைகளும் போட்டு அடைக்க ஆரம்பித்தோம். பாதி அடைப்பதற்குள் கார்த்திகைப் புயல் வந்துவிட்டது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை வீட்டுக்காரர் தடுத்தும் கேட்காமல் போனேன். உடைப்பு வழியாகக் கடல் நுரையோடு உள்ளே வந்து குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா இடுப்பளவு தண்ணீரில் ஓலைத் தட்டியைப் பிடித்தபடி நின்றார். அவர் பக்கத்தில் கெண்டை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"வாயில வச்சிப் பாத்துட்டேன். கரிக்குதும்மா" என்றார். அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை.

குப்பத்துப் பெண்கள் ரயில்வே லைனைத் தாண்டி ஒன்றரை மைல் நடந்து போய்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கவேண்டி வந்தது. போய்த் திரும்புவதற்குள் கரையில் மீன் ஏலம் முடிந்துவிடும். தண்ணீருக்குப் போனால் வியாபாரம் இல்லை, வியாபாரத்துக்குப் போனால் வீட்டில் தண்ணீர் இல்லை. பவுனம்மாவின் பெண் அப்போதுதான் பிரசவித்து வீட்டோடு இருந்தாள். தண்ணீர் சுமக்க வேறு ஆள் இல்லாமல் மூன்று மாதம் வியாபாரத்தையே விட்டாள். என்னிடம் பேசுவதையும் விட்டாள்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நன்கொடைப் பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "நம்ம பட்டியல்ல மொத்தம் எத்தனை பேரு?" என்றார்.

"இருநூத்துச் சொச்சம்."

"அம்புட்டுப் பேர்கிட்டயும் போகணும். நடந்ததைச் சொல்லணும். நீதான் சொல்லணும், நான் கூட நிக்கேன். ஒரு காசு கேக்கப்படாது. அவங்களாக் கொடுத்தாலும் இன்னிக்கு வாங்கப்படாது. இன்னிக்கு வாங்குனா அழுது வாங்குன பணமாயிரும்."

என் வேலைக் காலத்தில் அதைவிடக் கஷ்டமான ஒரு காரியத்தை நான் செய்ததில்லை. ஓரணா கொடுத்தவர்களிடம் முதலில் போகவேண்டும் என்றார் ஐயா. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியங்கள். "நூறு ரூபாய்க்கு மேல் கேட்காமல் ரசீது கொடுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கொடுத்தேன். அதைக் காட்டி மேட்டை வெட்டினார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது. நீங்கள் கொடுத்த தாழையில் இவ்வளவு போய்விட்டது." ஐயா பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். இடையில் ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார். நான் ஏகாம்பரத்தின் பெயரை இழுத்துப் பேச ஆரம்பித்தால் மட்டும் தொண்டையைச் செருமுவார்.

நன்கொடை கொடுத்துவந்த மில் தொழிலாளிகளில் ஒருவர் மில் வாசலில், "துட்டு போன கதைய சொல்றதுக்குக் கூடவா ஆளு வச்சிக்கீறீங்க!" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. "நம்ம யூனியன்ல கூட இப்புடி எவனும் வந்து சொன்னது இல்லடா" என்றார். யானைக்கவுனியில் ஒரு கயிற்றுக்கடைக்காரர், தான் கொடுத்த ஐம்பது ரூபாயையும் திருப்பிக் கேட்டார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தோம். மெதுவாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

கடைசியாகக் குப்பம். ஏலம் முடிந்த கரையில் சொன்னேன். வசவு வந்தது, அழுகை வந்தது. பவுனம்மா மட்டும் நான் பேசி முடிக்குமுன் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் சபை கூடியது. குளத்தங்கரைக் கொட்டகையில்தான் கூட்டம். ஏழு பேரில் ஒருவர், கணக்கில் கெட்டிக்காரர், ஒரு யோசனை கொண்டுவந்தார். கெட்டுப்போன வடக்குக் கோடியை, இரண்டு ஏக்கர், ஏகாம்பரத்துக்கே கோர்ட் அனுமதியோடு விற்றுவிடலாம். அந்தப் பணத்தில் மீதிக்குச் சுவர் கட்டலாம். வசூலுக்கு வேறு ஆள் போடலாம். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

ஐயா எழுந்தார். "ஆளை மாத்தணும்னா என்னையும் சேத்து மாத்துங்க. புத்தகத்தைக் கொடுத்துட்டு ஊருக்குப் போனவன் நான்" என்று ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார். ராஜினாமாக் கடிதம். அப்படி ஒன்று அவர் பையில் இருந்தது எனக்குத் தெரியாது.

கொட்டகைக்கு வெளியே, தண்ணீர்க் குடங்களோடு லைன் பக்கமிருந்து திரும்பிய பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பவுனம்மா குரல் வந்தது.

"நான் ஒண்ணு சொல்லலாமா நைனா?"

தலைவர் தலையாட்டினார்.

"அவ மேல எனக்குக் கோவம் கீது. அது எங்களோட கத, உங்களுக்கு வாணாம். ஆனா அவள அனுப்பிட்டு வேற ஆள வச்சா, அந்த ஆளு வந்து எங்கிட்ட, நான் பண்ணல, அவ பண்ணான்னுதான் சொல்லும். அப்புறம் எவன் கரையக் கட்டுவான்? கெடுத்தவளே கட்டட்டும். அந்த மண்ண விக்காதீங்க. இன்னிக்கு ரெண்டு ஏக்கரா வித்தா, நாளைக்கு மூணு கேப்பான்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஓட்டு எடுத்தார்கள். விற்க வேண்டாம் என்று நாலு பேர், விற்கலாம் என்று மூன்று பேர். ஐயாவின் காகிதத்தைத் தலைவர் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் திரும்ப வசூல் ஆரம்பம். இந்தத் தடவை எனக்கு ஒரு யோசனை இருந்தது. மேடு கட்டுவது இருக்கட்டும், முதலில் குப்பத்துக்குத் தண்ணீர் வண்டி வேண்டும் என்றேன். ஐயா கொஞ்சம் யோசித்து, "கேட்டுப் பாரு" என்றார். எண்ணெய்க்கடையில் பழைய பீப்பாய் ஒன்று கேட்டேன். கொடுத்தார்கள். திருவொற்றியூரில் ஒரு வண்டிக்காரர் பாதி வாடகைக்கு வர ஒப்புக்கொண்டார், மீதிப் பாதியை மில் ஆட்கள் சம்பள நாளில் ஒரு துண்டை விரித்துத் தந்தார்கள். கயிற்றுக்கடைக்கும் போனேன்.

"திரும்பவும் துட்டா?" என்றார்.

"பணம் வேண்டாம் ஐயா. பீப்பாய் கட்டக் கயிறு வேணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தேங்காய் நார் வடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். புது வடம்.

தினமும் ஏலத்துக்கு முன்னால் வண்டி வந்துவிடும். எல்லாப் பெண்களும் பிடித்தார்கள். பவுனம்மா முதல் மாதம் வண்டிப் பக்கம் வரவில்லை, நடந்தே போனாள். பிறகு பேரக் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று வந்து பிடித்தாள். என்னைப் பார்க்காமல் பிடித்தாள்.

மேட்டைக் கட்டுவதற்கு மண் வாங்கவில்லை. அவ்வளவு பணம் எங்களால் முடியாது. காற்றே மணலைக் கொண்டுவரும், அதைப் பிடித்து நிறுத்தினால் போதும் என்று கோவிந்தன் மாமாதான் சொன்னார். உடைப்பில் வரிசையாக ஓலைத் தட்டி நட்டோம். தட்டிக்கு ஓலை, கட்டுவதற்குக் கிழிந்த வலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஆட்களின் கை என்று அவரவரிடம் உள்ளதைக் கேட்டு வாங்கினோம். தட்டி மண்ணில் புதையப் புதைய அதன் மேல் அடுத்த தட்டி. ஒரு தட்டி முழுக்கப் புதைந்தால் அதைக் கொடுத்தவருக்குத் தபால் அட்டை. 'தாங்கள் கொடுத்தது மண்ணுக்குள் போய்விட்டது, சந்தோஷம்' என்று எழுதுவேன். சிலர் பயந்துபோய் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களை மேட்டின் மேல் ஏற்றிக் காட்டினேன். இரண்டாம் வருஷம் அடும்பு தானாகப் படர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தாழை வைத்தோம்.

மூன்றாம் வருஷம் மழைக்குப் பிறகு தண்ணீர் இனிக்கிறது என்று மாமா வந்து சொன்னார். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. "மழைத் தண்ணி எங்கனயும் இனிக்கும். சித்திரையில குளம் வத்தும்போது பாப்போம். அதுவரைக்கும் யாருக்கும் கார்டு போடாதே" என்றார். வண்டியையும் நிறுத்தவில்லை.

சித்திரையில் ஒருநாள் காலை, புதிதாக வைத்த தாழை எத்தனை பிழைத்திருக்கிறது என்று எண்ணப் போனேன். குளம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. படியில் யாரோ குனிந்து மொண்டுகொண்டிருந்தார்கள். பவுனம்மா. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்தால் எழுந்து போய்விடுவாள் என்று ஒரு தாழைப் புதரின் ஓரம் நின்றுவிட்டேன்.

குடத்தை நிரப்பிப் படியில் வைத்தாள். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். தலைக்கு ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். பார்வை என் மேல் வந்து நின்றது.

"இன்னாத்துக்கு அங்க ஒளிஞ்சிகினு நிக்கிற? வந்து ஒரு கை குடு" என்றாள்.

பையை மணலில் போட்டுவிட்டு இறங்கினேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். குடம் தலையில் ஏறும்போது விளிம்பில் தண்ணீர் தளும்பி என் முகத்தில் கொட்டியது. அவள் குடத்தை நிதானமாக்கிக்கொண்டு படியேறிக் குப்பத்தைப் பார்த்து நடந்தாள். நான் உதட்டை நாக்கால் துடைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை.